பொடிக் கவர்கள் எட்டு

சரக். முதலில் அதுதான் கேட்டது. கண்ணைத் திறக்கவில்லை. திறந்தாலும் இருட்டுத்தான். ஜன்னலில் கம்பளி தொங்குகிறது, அதற்கு மேல் அட்டைப் பெட்டியைக் கிழித்து ஆணி அடித்திருக்கிறேன், பதினோரு வருஷமாகப் பகலை அப்படித்தான் வெளியே நிறுத்தி வைத்திருக்கிறேன். மறுபடியும் சரக். எலி என்றால் விடாமல் பிராண்டும். இது யோசித்து யோசித்து வருகிற சத்தம். கசங்கின கவர் ஒன்றை விரலால் நீவித் தட்டையாக்கித் தரையில் வைக்கிற மாதிரி, பிறகு அடுத்ததை எடுப்பதற்கு முன்னால் கொஞ்சம் அதைப் பார்க்கிற மாதிரி. கொல்லைக் குழாயில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் தனியாகக் கேட்டது. துணி ஊறப்போட்டிருக்கிறாள், பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். அப்புறம் குரல். "அஞ்சு. ஆறு. ஏழு. எட்டு." பிரம்முதான். என் பெண்டாட்டி பிரம்மசக்தி, ஜவுளிக்கடையில் பதினாலு வருஷமாகச் சேலை விரித்துக் காட்டி மடித்து வைக்கிறவள், கணக்கில் ஒரு முழம் தப்பாதவள், சமையல்கட்டுத் தரையில் உட்கார்ந்து எட்டு காலிக் கவர்களை எண்ணிக்கொண்டிருக்கிறாள். நேற்று ராத்திரி வேலை விட்டு வந்தும் எண்ணினாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றும் எண்ணினாள். எட்டுத்தான் வரும். எத்தனை தடவை எண்ணினாலும் எட்டுத்தான் வரும் பிரம்மு, நீ கொடுத்தது எட்டுத்தான், எழுந்து போய் இதைச் சொல்லு என்று எனக்குள்ளே ஒருத்தன் மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான், நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்குகிறவன் மாதிரி மூச்சு விட்டுக்கொண்டு கிடக்கிறேன். பகலில் தூங்குகிற ஆள்தானே. யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

இன்றைக்குச் செவ்வாய். அவளுக்கு வார லீவு செவ்வாய், எனக்கு ஞாயிறு. அந்தச் செவ்வாய்களில்தான் அவள் எனக்குப் பொடி கலக்கிக் கொடுத்தாள். ஆடி மாசம் எங்கள் பால் கம்பெனியில் மெடிக்கல் கேம்ப் வைத்தார்கள், ராத்திரி ஷிப்டுக்காரர்கள் எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார்கள், பாதிப் பேருக்கு வைட்டமின் டி இல்லை. எனக்கு எட்டு. முப்பதுக்கு மேல் இருக்கணுமாம். கேம்ப் டாக்டர் என் முழங்காலை அமுக்கிப் பார்த்துவிட்டு, வெயிலைப் பார்த்து எத்தனை நாளாச்சு என்று கேட்டார். நாளா, வருஷக் கணக்கு சார் என்றேன். ஆளுக்கு எட்டு கவர், வாரத்துக்கு ஒன்று, பாலில் கலக்கிக் குடிக்கணும், எட்டு வாரம், அவ்வளவுதான், அதற்கு மேல் வேண்டாம், திரும்ப வந்து டெஸ்ட் பண்ணு என்றார். கேண்டீனில் பேச்சிமுத்து கவரை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்தான். "வே ஆவுடை, வெயிலைக் கவர்ல அடைச்சு குடுக்கான்வே. நாம பாலை அடைக்கோம், அவன் வெயிலை அடைக்கான்." எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், ஆனால் எனக்கு அது சிரிப்பாக உள்ளே இறங்கவில்லை. வெயிலைக் கவரில் அடைத்து. வீட்டுக்கு வந்து எட்டையும் பிரம்மு கையில் கொடுத்தேன். அவள் காலண்டரில் எட்டுச் செவ்வாய்க்கும் வட்டம் போட்டாள். சரக். ஏழாவது கவரை மறுபடியும் எடுத்துவிட்டாள். அதற்குள்ளே விரலை விட்டுப் பார்ப்பாள். ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று பார்ப்பாள்.

ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் கேட்ட கேள்வி அப்படி. ஆறு பெட்டு உள்ள வார்டு அது, பார்க்க வந்தவர்கள் வேறு, நர்ஸ் இரண்டு பேர், ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த ஒரு கிழவர். "எத்தனை குடுத்தேம்மா?" "வாரம் ஒண்ணுதான் சார்." "வாரம் ஒண்ணு குடுத்தா இப்படி ஆகாது. ரத்தத்துல டி இருநூத்துக்கு மேல நிக்குது. கால்சியம் பதினாலு. மனுசனுக்குப் பத்து, பத்தரைதான் இருக்கணும். கிட்னி பாதிதான் வேலை செய்யுது. தெனமும் குடுத்திருக்கே. சத்துன்னு நெனச்சுக் குடுத்துருப்பே. இது சத்து இல்லம்மா, அளவு தாண்டினா விஷம். படிச்சுப் பாத்துக் குடுக்க மாட்டியா?" "படிச்சுத்தான் சார் குடுத்தேன். காலண்டர்ல குறிச்சு வச்சிருக்கேன்." "காலண்டரா பேசுது, ரிப்போர்ட் பேசுது." ஆரஞ்சுக் கிழவர் உச்சுக்கொட்டினார். பிரம்மு சேலை முந்தானையை எடுத்து நாலாக மடித்தாள், எட்டாக மடித்தாள், கடையில் வாடிக்கையாளர் திட்டும்போது அப்படித்தான் மடிப்பாள் போல. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். டிரிப் மூன்றாவது நாளாக ஏறிக்கொண்டிருந்தது, புத்தி தெளிந்திருந்தது, கண் திறந்திருந்தது. வாய் மட்டும்தான் திறக்கவில்லை. அதற்கு முந்தின இரண்டு நாளை நான் கணக்கில் சேர்க்க மாட்டேன், அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது, தலைக்குள்ளே பால் திரிந்த மாதிரி எல்லாம் கட்டி கட்டியாக மிதந்தது. ஆனால் மூன்றாம் நாள் தெரியும். மூன்றாம் நாள் நான் ஆவுடையப்பன்தான், எட்டாங்கிளாஸோடு நின்றாலும் பழைய பேப்பர் கடையில் கிலோக் கணக்கில் புத்தகம் வாங்கிப் படிக்கிறவன்தான், எல்லாம் தெரிந்தவன்தான்.

எல்லாம் தெரிந்தவன். அப்படி வாங்கின ஒரு புத்தகம், அதற்கு மேல் அட்டைகூட இல்லை. உடம்பும் உணவும் என்று உள்ளே போட்டிருந்தது. வைட்டமின் அதிகமானால் என்ன ஆகும் என்று ஒரு பக்கத்தின் கடைசியில் கேள்வி. வைட்டமின் பி, சி ஆகியவை தண்ணீரில் கரைவதால் மிச்சம் சிறுநீரில் வெளியேறிவிடும் என்று பதில். அதோடு பக்கம் முடிந்தது. அடுத்த தாள் இல்லை. யாரோ கிழித்து வடை மடித்திருப்பார்கள். நான் அதை வைத்துக்கொண்டு எல்லா வைட்டமினுக்கும் அதுதான் சட்டம் என்று எடுத்துக்கொண்டேன், கேண்டீனில் நாலு பேருக்குப் பிரசங்கமே பண்ணினேன், மிச்சம் மூத்திரத்துல போயிரும்டே, பயப்படாதீங்க. அந்தப் பக்கம் கிழியாமல் இருந்திருந்தால் அடுத்த வரியில் இருந்திருக்கும். இப்போது எனக்குத் தெரியும், ஆஸ்பத்திரியில் ட்யூட்டிக்கு வந்த சின்ன டாக்டர் பெண் கட்டில் பக்கத்தில் நின்று பொறுமையாகச் சொன்னாள், "டி அப்படி இல்ல அங்கிள், அது கொழுப்புல போய்ச் சேர்ந்துக்கும். வெளிய வர மாசக் கணக்கு ஆகும். நீங்க இன்னைக்கு நிறுத்தினாலும் உள்ள இருக்கறது மெதுவாத்தான் இறங்கும். பால் வேண்டாம், தயிர் வேண்டாம், தண்ணி நிறைய. கொஞ்ச நாளைக்கு வெயில்லயும் நிக்காதீங்க." வெயிலில் நிற்காதீங்க. எனக்கு அப்போது சிரிப்பு வந்தது, இருமல் மாதிரி வந்தது, அவள் பயந்துபோய் நர்ஸைக் கூப்பிட்டாள்.

தாகம். இப்போதும் இருக்கிறது, முன்னளவுக்கு இல்லை. புரட்டாசியில் ஆரம்பித்தது. கம்பெனியில் நாலு டிகிரிக் குளிரில் நின்றுகொண்டு தண்ணீர் தண்ணீர் என்று குடிப்பேன், அரை மணிக்கொரு தரம் ஒன்றுக்கு ஓடுவேன். பேச்சிமுத்து, என்னவே மோட்டார் போட்ட மாதிரி ஓடுதீரு என்பான். சோறு இறங்கவில்லை. வயிறு கல்லாகக் கிடந்தது. எதைப் பார்த்தாலும் குமட்டல், அப்போதும் பொடியை நிறுத்தவில்லை, உடம்பு இப்படி அசதியாக இருக்கிறதே, இன்னும் சத்து ஏறவில்லை போல என்று அந்த வாரம் ஒரு நாள் இரண்டு போட்டேன். என்னை மாதிரி ஆள் உண்டா. இருட்டில் கிடந்து இதை நினைக்கும்போது காது மடல் சுடுகிறது. அவள் கொடுத்த எட்டுக்கு மேல் நானாகச் சேர்த்தது, முதலில் பேச்சிமுத்துவின் எட்டு. அவன் கசக்கிறது என்று கொடுத்தான், அது கசக்கவே இல்லை, இனிப்பு. அப்புறம் மைதீனுடையது ஆறு. அந்தோணிராஜ் இரண்டு குடித்துவிட்டு மறந்து லாக்கரில் வைத்திருந்தது. அதன் பிறகு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மருந்துக்கடை, அங்கே டாக்டர் சீட்டு எதுவும் கேட்க மாட்டான், பழைய கவரைக் காட்டினால் எடுத்துக் கொடுத்துவிடுவான். கம்பெனியில் கசிகிற பால் பாக்கெட்டுகளைக் கேண்டீனில் காய்ச்சி வைப்பார்கள், யாரும் எவ்வளவும் குடிக்கலாம். தினமும் வேலை முடிகிற நேரத்துக்கு ஒரு பெரிய டம்ளர் பால், அதில் ஒரு கவர், ஸ்பூனால் ஒரு கலக்கு. காலிக் கவரைப் பால் பாக்கெட் பிலிம் கழிவுத் தொட்டியில் போட்டுவிடுவேன். அவள் எட்டைப் பத்திரமாக டப்பாவில் போட்டு வைத்தாள். நான் எழுபதுக்கு மேல் தொட்டியில் போட்டேன். இரண்டு கணக்கும் சந்திக்கவே இல்லை, எங்களை மாதிரி.

எங்களை மாதிரிதான். நான் காலையில் ஏழு மணிக்கு வருவேன், அவள் எட்டரைக்குக் கிளம்புவாள். ராத்திரி எட்டரைக்கு எனக்கு கம்பெனி வேன், அவளுக்குக் கடை விட்டு வீடு வரப் பத்து ஆகும். காலையில் அந்த ஒன்றரை மணி நேரம் அவள் ஓடிக்கொண்டே இருப்பாள், எனக்குக் கண் சொருகிக்கொண்டே இருக்கும், இரண்டு பேரும் பேசுகிறது எல்லாம் கேஸ் வந்துச்சா, கரண்டு பில் கட்டியாச்சா. அவள் போன பிறகு நான் அவள் படுத்த பக்கம்தான் படுப்பேன். பாயில் சூடு போயிருக்கும், தலையணையில் கொஞ்சம் இருக்கும், தேங்காயெண்ணெய் வாசமும் கடையில் புதுத்துணிக்குப் போடுகிற கஞ்சி வாசமும். லீவு ராத்திரியிலும் எனக்குத் தூக்கம் பிடிக்காது, அவள் தூங்குவாள், நான் கொட்டக் கொட்ட முழித்திருப்பேன். பதினோரு வருஷமாக நான் அவளோடு தூங்கவில்லை, அவள் விட்டுவிட்டுப் போன வாசத்தோடுதான் தூங்குகிறேன். இதை யாரிடம் சொல்ல முடியும், நாற்பத்தெட்டு வயசில். அடுப்படியில் மூடி போட்டு ஒரு டம்ளர் இருக்கும். பாலோ, சுக்குத் தண்ணியோ, மோரோ, அன்றைக்கு என் முகத்தைப் பார்த்து எது தோன்றியதோ அது. அந்த மூடியை எடுக்கிறபோது உள்ளே படிந்திருக்கிற ஆவித்துளி என் கையில் விழும். அதுதான் எங்களுக்குள் தினமும் நடக்கிற ஒரே பேச்சு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கடைக்குப் போனேன். சும்மா பார்க்கத்தான். மூன்றாவது மாடி, பட்டுச் சேலை இல்லை, பூனம் சேலை. அவள் பின்னாலே சூப்பர்வைசர் நின்றுகொண்டிருந்தான், வீட்டு ஆட்கள் வந்தால் சம்பளத்தில் பிடிப்பானாம். பிரம்மு என்னைப் பார்த்தாள், கண் ஒரு தடவை விரிந்தது, அவ்வளவுதான். "வாங்க சார், என்ன கலர்ல பாக்கீங்க?" என்றாள். "நீலம்" என்றேன். விரித்தாள். "இது?" "இன்னொரு நீலம்." பதினாறு நீலம் விரித்தாள். ட்யூப் லைட் வெளிச்சம் அவள் முகத்தில் அடித்தது, நான் அவ்வளவு நேரம் அவளை நேராகப் பார்த்து எத்தனையோ வருஷம் ஆயிற்று, மோவாயில் ஒரு புது மரு வந்திருந்தது, அது எப்போது வந்தது என்று எனக்குத் தெரியாது. "வீட்ல யாருக்கு சார்?" என்று உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டாள். "வீட்டுக்காரிக்கு." "அவங்களுக்கு நீலம் பிடிக்காதுன்னு நெனைக்கேன் சார்." ஒன்றும் வாங்காமல் இறங்கி வந்தேன். மறுநாள் காலையில் அதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஆனால் டம்ளரில் அன்றைக்கு பாதாம் போட்டிருந்தது. ஆஸ்பத்திரியில் புத்தி கலங்கின அந்த இரண்டு நாளும் நான் அவளைப் பார்த்து அந்த மேல் தட்டில் இருக்கிற நீலத்தை எடும்மா, எடும்மா என்று கேட்டுக்கொண்டே இருந்தேனாம். கையை நீட்டி நீட்டிக் காட்டினேனாம். இதை அவள் சொல்லவில்லை, ஆரஞ்சுக் கிழவர் சொன்னார்.

பகல் ஷிப்ட். அதுதான் எல்லாவற்றுக்கும் காரணம், சொல்ல வேண்டியதும் அதுதான், சொல்ல முடியாததும் அதுதான். டிஸ்பாட்சில் இருக்கிற நெல்லையப்பர் அண்ணாச்சி தையில் ரிட்டயர் ஆகிறார், அந்த இடம் ஒம்பது டூ அஞ்சு. மேனேஜர் சொன்னார், ஆவுடையப்பன், சீனியாரிட்டி ஒனக்குத்தான், ஆனா பால் ட்ரே தூக்கணும், படி ஏறணும், இந்த இடுப்பையும் முழங்காலையும் வச்சுக்கிட்டு முடியுமா, மார்கழில பிட்னஸ் பாப்போம். வாரம் ஒன்று போட்டால் எலும்பு எப்போது தேறும். தினம் போட்டால் ஏழு மடங்கு சீக்கிரம். எவ்வளவு எளிமையான கணக்கு. தினமும் ராத்திரி பத்து மணிக்கு அவள் கதவைத் தட்டும்போது நான் உள்ளே இருந்து திறக்கணும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியது. செருப்பை அவிழ்த்துவிட்டுக் காலை நீட்டுவாள், நாள் பூராவும் நின்ற கால், வீங்கியிருக்கும், நான் வெந்நீர் வைத்திருப்பேன். அதை அவளிடம் சொல்லாமல் வைத்திருந்தேன், கிடைத்த பிறகு சொல்லலாம் என்று. இப்போது சொன்னால் இதையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும். நான் முட்டாள் என்று சொல்லிவிடலாம், அது அவளுக்குத் தெரியும். உன் பக்கத்தில் படுக்க ஆசைப்பட்டுத்தான் கிட்னியைக் கெடுத்துக்கொண்டேன் என்று எந்த முகத்தோடு சொல்ல.

வாசலில் வளையல் சத்தம். பக்கத்து வீட்டு ஜெபமணி அக்கா. "என்ன பிரம்மு, கடைக்குப் போவலியா? ஏ, என்னது இது, கவரை வச்சி சொட்டாங்கல்லா வெளயாடுதே?" "லீவுக்கா." "ஆளு எப்படி இருக்காரு?" "தூங்குதாரு. வெள்ளிக்கெழம திரும்ப ரத்தம் எடுக்கணும். அதுல கொறஞ்சிருக்கணும்னு சொல்லியிருக்காங்க." "கொறையும் கொறையும். ஆனா தெருவுல என்ன பேசுதாளுவ தெரியுமா? புருசனுக்கு சத்து ஏத்துதேன்னு ஆஸ்பத்திரி ஏத்திட்டாளாமேன்னு." அக்கா சிரித்தாள், கெட்ட மனசு இல்லை, அவள் சிரிப்பு அப்படி. பிரம்மு சிரிக்கவில்லை. நான் போர்வைக்குள் காதைத் தீட்டிக்கொண்டேன். ஜன்னலில் அட்டையிலும் கம்பளியிலும் ஒரே இடத்தில் ஓட்டை, அதன் வழியாக ஊசி மாதிரி வெயில் என் முழங்கை மேல் நின்றது, அதில் தூசி ஏறி இறங்கியது. "சரியாத்தான்க்கா சொல்லுதாங்க. என் கைதான். எட்டுத்தான் குடுத்தேன்னு நெனச்சிட்டிருக்கேன், தூக்கக் கலக்கத்துல மத்த நாளும் கலக்கிட்டனோ என்னமோ. கடையில நின்னு நின்னு எனக்கும் புத்தி மழுங்கிப் போச்சி. வேற எங்க இருந்து வரும்? அவரு வெளிய ஒண்ணும் சாப்பிட மாட்டாரு." "விடு, வேணும்னா செஞ்சே." "இல்லக்கா. இனி அவருக்கு என் கையால ஒண்ணும் கலக்கிக் குடுக்க மாட்டேன். தண்ணிகூட அவரே மோந்து குடிக்கட்டும். எனக்குப் பயமா இருக்கு."

அதனால்தான். மூன்று நாளாக அடுப்படியில் டம்ளர் இல்லை. பாட்டில்தான் இருக்கிறது, கடையில் வாங்கின, சீல் உடைக்காத தண்ணி பாட்டில். நான் டாக்டர் சொன்னதால் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வெயில் ஊசி முழங்கையை விட்டு இறங்கிப் பாயில் விழுந்தது. அவள் கொடுத்த எட்டும் போய்விட்டது, மூடியும் ஆவித்துளியும் போய்விட்டது, நான் வாயை மூடிக்கொண்டு கிடந்தால் அது இனி வரப்போவதில்லை, பகல் ஷிப்டே கிடைத்தாலும் வரப்போவதில்லை, அவள் என் டம்ளருக்குப் பக்கத்தில் போகவே பயப்படுகிறவளாக இருக்கிற ஒரு வீட்டில் பத்து மணிக்கு நான் கதவைத் திறந்து என்ன செய்யப் போகிறேன். ஜெபமணி அக்காவின் வளையல் தூரப் போயிற்று. எழுந்தேன். கால் தரையில் ஊன்றும்போது எலும்பு பழையபடி வலித்தது, எழுபது கவர் போட்டும் வலிக்கிறது. ஆணியில் என் டிபன் பை தொங்கியது. பக்கவாட்டு ஜிப்புக்குள் பதினொன்று இருந்தது, பிரிக்காதது. எடுத்துக்கொண்டு போனேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். எட்டுக் காலிக் கவர் வரிசையாகத் தரையில். அதற்குக் கீழே இன்னொரு வரிசையாக என்னுடையதை வைத்தேன்.

"இது எங்க உள்ளது?"

"என் பையில உள்ளது."

"கம்பெனியில திரும்பக் குடுத்தாங்களா?"

"இல்ல. நான் வாங்கினது. ஆடியில இருந்து தெனம் ஒண்ணு. கேண்டீன் பால்ல. நீ குடுத்த எட்டுல ஒண்ணும் இல்ல பிரம்மு. நீ சரியாத்தான் குடுத்தே."

அவள் என் கவர் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள், அதில் எழுதியிருக்கிறதை எல்லாம் படிக்கிற மாதிரி. "எதுக்கு?"

"பகல் ஷிப்ட் போடுதேன்னாங்க. மார்கழில பிட்னஸ். சீக்கிரம் தேறணும்னு."

"பகல் ஷிப்ட் எதுக்கு ஒங்களுக்கு? ராத்திரிப் படி போயிருமே."

"நீ வாரப்ப வீட்ல இருக்கலாம்லா."

சொல்லிவிட்டு சுவரைப் பார்த்தேன். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் கையிலிருந்த கவரைக் கீழே வைத்தாள். பிறகு பேசினாள், மெதுவாக, கடையில் வாடிக்கையாளரிடம் பேசுகிற குரல் இல்லை, எனக்கு அதிகம் பழக்கமில்லாத ஒரு குரல். "அந்த டாக்டர் என்னைய அத்தன பேரு முன்ன வச்சி கேட்டாரு. நீங்க அப்ப கண்ண முழிச்சிட்டுத்தான கெடந்தீங்க."

"ஆமா."

"புத்தி தெளிஞ்சிருந்துச்சா?"

"தெளிஞ்சிருந்துச்சு."

அவள் தலையை ஆட்டினாள். அடித்திருந்தால் தேவலை. கவர்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினாள், காலியைத் தனியாக, பிரிக்காததைத் தனியாக, ஓரம் தட்டி ஒழுங்கு பண்ணி. "வெள்ளிக்கெழம நானும் வருவேன். ஆனா வாயத் தொறக்க மாட்டேன். இதைக் கையில வச்சிக்கிட்டு நீங்கதான் சொல்லணும். வார்டுல வச்சி. அந்த நர்ஸுகளும் இருக்கணும்."

"சொல்லுதேன்."

"அந்தக் கெழவரு டிஸ்சார்ஜ் ஆயிருக்கக் கூடாது." உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பா அழுகையா, எனக்குத் தெரியவில்லை, அந்த முகத்தைப் பகலில் பார்த்துப் பழக்கமில்லை. "பதினாறு நீலம்" என்றாள் தனக்குள்ளே. "கிறுக்கு மனுசன். கேட்டிருந்தா நானாவது லீவை ஞாயித்துக்கெழமைக்கு மாத்திருப்பனே. எட்டு வருசமா சூப்பர்வைசர் கேக்கான், செவ்வாய் எதுக்கும்மா ஒனக்குன்னு. நீங்க ஞாயித்துக்கெழம ஒரு நாளாவது முழுசா அசந்து தூங்குவீங்க, நான் இருந்தா சத்தம் கேக்கும்னுதான் செவ்வாய் வாங்கினேன்."

நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவள் எழுந்து கொல்லைக்குப் போனாள். குழாய் திறந்தது, வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம், துணி அடிக்கிற சத்தம், வழக்கத்தைவிடக் கொஞ்சம் பலமாக அடித்தாள். நானும் எழுந்து போனேன். வாசற்படி வரைக்கும் நிழல், அதற்கு அந்தப் பக்கம் ஐப்பசி வெயில், மழைக்கு முந்தின வெயில், கொடிக்கயிறு பளபளத்தது. படியைத் தாண்டக் காலைத் தூக்கினேன்.

"அங்கயே நில்லுங்க. வெயில்ல வரக்கூடாதுன்னாங்கல்லா."

நின்றேன். பிழிந்த துணிகளோடு வாளியை என் பக்கமாகத் தள்ளிவிட்டாள். தன் பாட்டுக்குக் கொடியின் ஓரத்துக்குப் போய், திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் பின்னால் நீட்டினாள். மேலே கிடந்தது என் கம்பெனிச் சட்டை. உதறி அவள் கையில் வைத்தேன். அவள் அதைக் கொடியில் போட்டுத் தோளை இழுத்துவிட்டாள். கை மறுபடியும் நீண்டது. அடுத்தது அவளுடைய பாவாடை, ஈரத்தில் கனமாக இருந்தது, இன்னொரு தடவை பிழிந்துவிட்டுக் கொடுத்தேன்.